பி.பி நார்மலாயிடுச்சே... மாத்திரையை நிறுத்தலாமா?

வீட்டு மருந்துப் பெட்டி

நம் வீடுகளில் ஃபிரிட்ஜ் மேலோ, டி.வி பக்கத்திலோ ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அப்பாவின் பி.பி மாத்திரை, அம்மாவின் தைராய்டு மாத்திரை, தாத்தாவின் இதய மாத்திரை என்று எல்லாம் அதில்தான். இதைப் படிப்பதற்கு முன் அந்த டப்பாவை ஒருமுறை எடுத்து வாருங்கள். மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் உண்மையான பெயர். அது 'எல்-ஓ-எல்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் முடிகிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் பிள்ளைகள் சிரிப்பதற்குப் போடுகிறார்களே, அதே மூன்று எழுத்துகள்தான்.

அட்டெனலால், மெட்டோப்ரலால், பைசோப்ரலால், கார்வெடிலால், நெபிவலால், புரோப்ரனலால், லேபெடலால்... இவையெல்லாம் ஒரே குடும்பம். பெயர் 'பீட்டா பிளாக்கர்'. (பாராசிட்டமால் 'எம்-ஓ-எல்' என்று முடியும். அது வேறு குடும்பம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இந்தக் குடும்பத்தைத் தனியாக அடையாளம் கண்டு வைத்திருக்க ஒரு காரணம் இருக்கிறது. பல மாத்திரைகளை ஒரு நாள் மறந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால், "பி.பி நார்மலாயிடுச்சு, இனிமே எதுக்கு?" என்று பீட்டா பிளாக்கரை ஒரே நாளில் நிறுத்தினால், அடங்கியிருந்த இதயம் திமிறிக்கொண்டு எழக்கூடும். நெஞ்சுவலியில், சிலருக்கு மாரடைப்பிலேயே அது போய் முடியலாம்.

பூட்டும் சாவியும்

பேருந்து திடீரென்று பிரேக் போடுகிறது. நமக்கு நெஞ்சு 'திக்' என்கிறது, இதயம் படபடக்கிறது, கை நடுங்குகிறது. அட்ரினலின் என்ற ஹார்மோன் செய்யும் வேலை இது. அட்ரினலினை ஒரு சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயத்தின் செல்களில் அதற்கான பூட்டுகள் இருக்கின்றன. சாவி போய்ப் பூட்டில் பொருந்தியதும் இதயம் வேகமாகவும் பலமாகவும் துடிக்கிறது.

இந்தப் பூட்டுகள் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை என்பதை அமெரிக்க விஞ்ஞானி ரேமண்ட் அல்குவிஸ்ட் 1948-ல் எழுதினார். அதைக் கையில் எடுத்துக்கொண்டவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். அவருடைய அப்பா ஒரு கார் விபத்துக்குப் பிறகு மாரடைப்பில் இறந்தவர். அதிர்ச்சியும் மன அழுத்தமும் ஒரு பலவீனமான இதயத்தை எப்படிக் கொல்கின்றன என்ற கேள்வி பிளாக்கைத் துரத்தியது. அதுவரை எல்லோரும் இதயத்துக்குப் போகும் ரத்தத்தை எப்படி அதிகமாக்குவது என்றே யோசித்துக்கொண்டிருந்தார்கள். இதயத்தின் தேவையையே குறைத்தால் என்ன என்று யோசித்தார் பிளாக். பூட்டுக்குள் ஒரு போலிச் சாவியைச் செருகி வைத்துவிட்டால், அட்ரினலின் வந்தாலும் திறக்க முடியாது அல்லவா? அப்படிப் பிறந்ததுதான் புரோப்ரனலால். 1964-ல் அதைப் பற்றி உலகுக்கு அறிவித்தார்கள். 1988-ல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பீட்டாவிலும் உட்பிரிவு உண்டு. பீட்டா-1 பூட்டுகள் பெரும்பாலும் இதயத்தில். பீட்டா-2 பூட்டுகள் நுரையீரலின் மூச்சுக்குழாயிலும் ரத்தக் குழாய்களிலும் அதிகம். புரோப்ரனலால் இரண்டையும் அடைக்கும். அட்டெனலால், மெட்டோப்ரலால், பைசோப்ரலால் ஆகியவை பெரும்பாலும் பீட்டா-1-ஐ மட்டும் குறிவைக்கும். 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கவனத்தில் வையுங்கள். ஆஸ்துமா பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

ஒரே மாத்திரை, வேறு வேறு காரணம்

"பக்கத்து வீட்டு மாமாவுக்கு டாக்டர் இதே மாத்திரையை நிறுத்திட்டாராம். எனக்கு மட்டும் ஏன் தொடரச் சொல்றார்?" இந்தக் கேள்விக்கு எளிய பதில், மாமாவுக்கு அது எழுதப்பட்ட காரணம் வேறாக இருக்கலாம்.

உயர் ரத்த அழுத்தம், நடந்தால் வரும் நெஞ்சுவலி, மாரடைப்புக்குப் பிந்தைய பாதுகாப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, இதயச் செயலிழப்பு என்று இதயம் சம்பந்தப்பட்ட காரணங்களே ஐந்து. இவை தவிர ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க, கைநடுக்கத்துக்கு, தைராய்டு அதிகமாகச் சுரக்கும்போது வரும் படபடப்புக்கு, கல்லீரல் சுருங்கியவர்களுக்கு உணவுக்குழாயில் ரத்தக்கசிவு வராமல் தடுக்க என்றும் கொடுப்பார்கள்.

இதில் பி.பி பற்றி ஒரு விஷயம். வேறு நோய் எதுவும் இல்லாமல் வெறும் பி.பி மட்டும் இருப்பவர்களுக்கு, முதல் மாத்திரையாக இப்போது பல நாடுகளில் பீட்டா பிளாக்கரைத் தேர்ந்தெடுப்பதில்லை. பக்கவாதத்தைத் தடுப்பதில் மற்ற பி.பி மருந்துகள் மேலானவை என்று தெரியவந்ததால், 2006-லேயே பிரிட்டன் தன் வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டது. ஆகவே, பல வருடங்களுக்கு முன் எழுதிக் கொடுத்த அட்டெனலாலை இன்றுவரை அப்படியே வாங்கிச் சாப்பிடுபவர்கள், "எனக்கு இன்னும் இதே மாத்திரைதான் பொருத்தமா?" என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை. கேளுங்கள். ஆனால், கேட்டுப் பதில் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

இதயச் செயலிழப்பின் கதை இதற்கு நேர் எதிர். இதயத்தின் பம்ப் செய்யும் சக்தி குறைந்துபோன நோயாளிக்கு, இதயத்தை மந்தமாக்கும் மருந்தைக் கொடுக்கவே கூடாது என்றுதான் ஒருகாலத்தில் மருத்துவ மாணவர்கள் படித்தார்கள். 1970-களில் ஸ்வீடன் மருத்துவர்கள் துணிந்து மிகக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 1999-ல் பைசோப்ரலாலை வைத்து 2,647 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. அந்த மாத்திரை எடுத்தவர்களிடம் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஓடிக் களைத்த குதிரையைச் சாட்டையால் அடிப்பதைவிட, கொஞ்சம் மெதுவாக நடக்க விடுவது நல்லது என்று புரிந்தது.

இன்று பம்ப் சக்தி குறைந்தவர்களுக்கு பைசோப்ரலால், கார்வெடிலால், மெட்டோப்ரலால் சக்சினேட் ஆகியவை உயிர் காக்கும் மருந்துகள். மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டுவார்கள். ஆரம்ப வாரங்களில் அசதி கூடலாம், காலில் லேசாக நீர் கோக்கலாம். "இந்த மாத்திரை ஒத்துக்கலை" என்று பலர் நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் மருத்துவரை அழையுங்கள். பெரும்பாலும் நீர் பிரியும் மாத்திரையின் அளவை மாற்றிச் சரிசெய்துவிடுவார்.

திடீரென்று நிறுத்தினால்?

மறுபடியும் பூட்டுக் கதைக்கு வருவோம். மாதக்கணக்கில் பூட்டுகள் அடைபட்டிருப்பதால், உடல் சும்மா இருப்பதில்லை. கூடுதலாகப் புதிய பூட்டுகளைச் செய்து வைத்துக்கொள்கிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தும்போது பழைய பூட்டுகளும் திறந்துகொள்கின்றன, புதியவையும் காத்திருக்கின்றன. எப்போதும் சுரக்கும் அதே அளவு அட்ரினலின் இப்போது இரண்டு மடங்கு ஆட்டம் போடுகிறது. துடிப்பு எகிறுகிறது, பி.பி ஏறுகிறது. இதய ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கு இது மிகவும் ஆபத்தானது. அமெரிக்காவில் இந்த மருந்துகள் பலவற்றின் குறிப்பேட்டில் இதைக் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையாகவே அச்சிடுகிறார்கள்.

நிறுத்தவே முடியாதா என்றால், முடியும். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். அந்த நாட்களில் கடினமான வேலைகளைத் தவிர்க்கச் சொல்வார்.

நம் வீடுகளில் 'திடீர் நிறுத்தம்' பெரும்பாலும் முடிவெடுத்து நடப்பதில்லை. தற்செயலாகவே நடக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம், துணிப்பை வருகிறது, மாத்திரைப் பை வீட்டிலேயே இருந்துவிடுகிறது. சபரிமலைக்கு மாலை போட்டவர் 'விரத காலத்தில் மாத்திரை வேண்டாம்' என்று விட்டுவிடுகிறார். புதிதாக நாட்டு மருந்து ஆரம்பித்தவர் 'ரெண்டும் சேர்த்துச் சாப்பிடக் கூடாதாம்' என்று இதை ஒதுக்குகிறார். வீட்டில் ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்றால் நான்கு நாள் யாருக்கும் எதுவும் நினைவிருப்பதில்லை. இவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம்.

• மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள்.

• ஊருக்குப் போகும்போது தேவையைவிட ஐந்து நாளைக்குக் கூடுதலாக, கையோடு வைத்திருக்கும் பையில் வையுங்கள். லக்கேஜில் வேண்டாம்.

• மருத்துவர் எழுதிய சீட்டை போனில் படம் எடுத்து, உங்கள் போனிலும் மகன் அல்லது மகள் போனிலும் வைத்திருங்கள். வெளியூரில் மாத்திரை தொலைந்தால் அதைக் காட்டி உதவி கேட்கலாம்.

• தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கடைக்குப் போக முடியாத பெரியவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளைக்கான நேரம் நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள். 'நேத்து விட்டதுக்கும் சேர்த்து' என்று இரண்டாகப் போடவே கூடாது.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து மாத்திரை உள்ளே நிற்கவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். 'சரியான பிறகு பார்த்துக்கலாம்' என்று மூன்று நாள் தள்ளிப்போடாதீர்கள்.

நாடி பிடித்துப் பார்க்கலாமா?

பி.பி மெஷின் வாங்குவதற்கு முன் கற்றுக்கொள்ள வேண்டியது நாடி பார்க்க. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். ஒரு கையின் உள்ளங்கை மேலே பார்க்கட்டும். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில், இன்னொரு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு. கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

சாதாரணமாக 60 முதல் 100 வரை இருக்கும். பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு 55, 58 என்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். 50-க்குக் கீழே போனால், அடுத்த மாத்திரையைப் போடும் முன் மருத்துவரிடம் பேசுங்கள். கூடவே தலைசுற்றல், கண் இருட்டுதல், மயக்கம் இருந்தால் போனில் பேசி நேரத்தைக் கழிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்கும் இளைய தலைமுறைக்கு ஒரு வார்த்தை. வாட்ச்சும் ஜிம்மில் உள்ள டிரெட்மில்லும் "உங்கள் வயதுக்கு இத்தனை துடிப்பு வரை ஓடுங்கள்" என்று ஒரு கணக்குச் சொல்லும். பீட்டா பிளாக்கர் எடுக்கும் அப்பாவை அந்தக் கணக்குப்படி ஓட வைக்காதீர்கள். எவ்வளவு ஓடினாலும் அவருடைய துடிப்பு அந்த எண்ணை எட்டாது. எட்டவைக்க முயன்றால் அவர் சுருண்டு விழக்கூடும். நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் இரைப்பில்லாமல் பேச முடிகிறதா? அந்த வேகம் போதும்.

ஆஸ்துமா இருந்தால்

மூச்சுக்குழாயில் உள்ள பீட்டா-2 பூட்டுகள் திறந்தால்தான் குழாய் விரியும். வீசிங் வரும்போது இழுக்கும் இன்ஹேலரில் உள்ள சால்பூட்டமால் அந்தப் பூட்டைத் திறக்கும் சாவிதான். புரோப்ரனலால் அதே பூட்டை அடைத்துவிடும். ஆஸ்துமா உள்ளவர் புரோப்ரனலால் சாப்பிட்டால் கடுமையான மூச்சுத்திணறல் வரலாம், வந்த பின் இன்ஹேலரும் சரியாகக் கைகொடுக்காமல் போகலாம். இதயத்தைக் குறிவைக்கும் பைசோப்ரலால், மெட்டோப்ரலால்கூட முழுப் பாதுகாப்பு இல்லை. அளவு கூடும்போது நுரையீரலையும் தொடும். அதனால்தான் 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கவனிக்கச் சொன்னேன்.

சிறுவயதில் வீசிங் இருந்து இப்போது இல்லை என்றாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்காதீர்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பீட்டா பிளாக்கர் கண் சொட்டு மருந்தாகவும் வருகிறது. கண் நீர் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு மருந்து இந்தக் குடும்பம்தான். கண்ணில்தானே விடுகிறோம் என்று நினைக்கிறோம். கண்ணிலிருந்து மூக்குக்குப் போகும் சின்னக் குழாய் வழியாக அது ரத்தத்தில் கலக்கிறது. பாட்டிக்கு இதய மருத்துவர் ஒரு 'லால்' மாத்திரை எழுதியிருப்பார், கண் மருத்துவர் ஒரு 'லால்' சொட்டு எழுதியிருப்பார், இருவருக்கும் மற்றவர் எழுதியது தெரிந்திருக்காது. இரண்டும் சேர்ந்து நாடியை ரொம்பக் குறைத்துவிடலாம். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் உடலுக்குள் போகும் அளவு குறையும். கண் மருத்துவரிடம் போகும்போதும் மாத்திரை டப்பாவை எடுத்துப் போங்கள்.

சர்க்கரை நோயாளிகள் கவனத்துக்கு

இன்சுலின் போடுபவருக்கு, சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கினால் உடல் மணி அடிக்கும். படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, பசி ஆகியவைதான் அந்த மணி. பீட்டா பிளாக்கர் அந்தப் படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும். இறங்குவது தெரியாமலேயே ஒருவர் குழம்பிப்போய் மயங்கலாம். வியர்வையை மட்டும் இந்த மாத்திரையால் மறைக்க முடியாது. ஆகவே காரணமில்லாமல் சட்டை நனையும்படி வியர்த்தால், நெஞ்சு படபடக்கவில்லையே என்று சும்மா இருக்காதீர்கள். குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். வியர்வையோடு நெஞ்சில் பாரமும் இருந்தால் அது இதயம் தரும் எச்சரிக்கையாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இதற்காகச் சர்க்கரை நோயாளிக்கு இந்த மாத்திரையே கூடாது என்று எண்ண வேண்டாம். மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகள் பலருக்கு இது அவசியம். வீட்டில் உள்ளவர்களுக்கு இந்த ஒரு அடையாளம் தெரிந்திருந்தால் போதும்.

எதோடு சேரக் கூடாது?

வெரபாமில், டில்டியாசெம்: இவையும் பி.பி, நெஞ்சுவலி, துடிப்புக் கோளாறுக்குக் கொடுப்பவைதான். இவையும் துடிப்பைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் இதயத்தின் மின்னோட்டமே தடைபடலாம். வேறு வேறு மருத்துவர்களிடம் காட்டுபவர்கள் கவனிக்க வேண்டும். (அம்லோடிபின் அப்படிப்பட்டதல்ல, சேர்த்துக் கொடுப்பது வழக்கம்.)

குளோனிடின்: இதையும் பீட்டா பிளாக்கரையும் சேர்த்து எடுப்பவர்கள் எதை முதலில் நிறுத்துவது என்பதில்கூட வரிசை உண்டு. மாற்றி நிறுத்தினால் பி.பி தாறுமாறாக ஏறும். மருத்துவர் சொல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

வலி மாத்திரை: மூட்டுவலிக்குத் தினமும் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் என்று வாங்கிப் போட்டால் பி.பி மாத்திரையின் பலன் குறையும்.

சளி மாத்திரை: மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து கலந்த சளி மாத்திரைகள் பி.பி-யை ஏற்றலாம். கடையில் வாங்கும்போது "எனக்கு பி.பி இருக்கு" என்று சொல்லி வாங்குங்கள்.

மனச்சோர்வு மாத்திரை: ஃபுளுவாக்சடின், பராக்சடின் இரண்டும் மெட்டோப்ரலாலின் அளவை ரத்தத்தில் உயர்த்தும். நாடி குறைகிறதா என்று கவனிக்க வேண்டும்.

அதே மருந்து, வேறு பெயர்: நம் ஊரில் அடிக்கடி நடப்பது இதுதான். அம்லோடிபினும் அட்டெனலாலும் சேர்ந்த ஒரு மாத்திரை ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும். புதிய மருத்துவர் தனி அட்டெனலால் ஒன்று எழுதுவார். பழைய அட்டை, புதிய அட்டை இரண்டும் டப்பாவில். கம்பெனிப் பெயர் வேறு என்பதால் இரண்டையும் தினமும் போடுவார்கள். சிறிய எழுத்துப் பெயரைப் படிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மாத்திரையை உடைக்கும் பழக்கமும் உண்டு. 'ஈ.ஆர்', 'எக்ஸ்.எல்', 'எக்ஸ்.ஆர்' என்று போட்டிருந்தால் அது நாள் முழுக்க மெதுவாகக் கரையும் மாத்திரை. பொடித்தோ மென்றோ சாப்பிட்டால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். நடுவில் கோடு போட்ட மாத்திரையைக்கூட மருத்துவரோ மருந்தாளுநரோ சொன்னால்தான் பாதியாக்க வேண்டும். மெட்டோப்ரலாலும் கார்வெடிலாலும் சாப்பாட்டோடு போடுவது நல்லது.

சொல்லத் தயங்கும் பக்க விளைவுகள்

அசதி, கை கால் சில்லிடுதல், எழுந்ததும் தலைசுற்றல் ஆகியவை சகஜம். பல நேரம் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல், ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். புரோப்ரனலால் போன்றவை மூளைக்குள்ளும் போவதால் சிலருக்குக் கெட்ட கனவுகள் வரும். மாத்திரையை மாற்றினாலே சரியாகிவிடும்.

ஆண்கள் பலர் வெளியே சொல்லாதது, தாம்பத்தியத்தில் ஏற்படும் விறைப்புக் குறைபாடு. மருத்துவரிடம் கேட்கக் கூச்சம், மனைவியிடம் சொல்லக் கூச்சம். கடைசியில் யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். பி.பி, சர்க்கரை, ரத்தக் குழாய் அடைப்பு ஆகியவையே இதற்குக் காரணமாக இருக்கலாம், எல்லாப் பழியும் மாத்திரை மேல் போட முடியாது. அப்படியே மாத்திரைதான் காரணம் என்றாலும், இந்தப் பிரச்னை குறைவாக உள்ள நெபிவலால் போன்ற மாற்று இருக்கிறது. கேட்பதற்கு ஒரு நிமிடக் கூச்சம்தான். ரகசியமாக நிறுத்தி ஐ.சி.யு-வில் படுப்பதோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை. மாத்திரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்காரர் திடீரென்று "எனக்கு வேணாம்" என்றால், திட்டாமல், தனியாக, பொறுமையாகக் கேளுங்கள்.

கர்ப்பம், ஆபரேஷன், பரீட்சை பயம்

கர்ப்ப காலத்தில் வரும் பி.பி-க்கு லேபெடலால் நீண்ட காலமாகப் பயன்பாட்டில் உள்ள மருந்து. அட்டெனலால் அப்படியல்ல, வயிற்றில் உள்ள குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கலாம். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் இந்த மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், நாள் தள்ளிப்போகும்வரை காத்திருக்காமல் முன்பே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் என்றால், பல காலமாக எடுப்பவர் அன்று காலைவரைகூடத் தொடர வேண்டியிருக்கும். "வெறும் வயிற்றில் வரச் சொன்னார்களே" என்று இதையும் விட்டுவிடாதீர்கள். மயக்க மருத்துவரிடம் இந்த மாத்திரையின் பெயரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பல் பிடுங்கப் போனாலும் சொல்ல வேண்டும்.

பரீட்சை, இன்டர்வியூ, மேடை நடுக்கத்துக்குப் புரோப்ரனலால் போடும் பழக்கம் இளைஞர்களிடம் பரவுகிறது. கை நடுங்காமல் இருக்க இது உதவும் என்பது உண்மை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியாவின் துப்பாக்கி சுடும் வீரர் கிம் ஜோங் சு வென்ற இரண்டு பதக்கங்களும், அவர் உடலில் புரோப்ரனலால் இருந்ததால் பறிக்கப்பட்டன. ஆனால் வீசிங் உள்ள பிள்ளை, ஏற்கெனவே நாடி குறைவாக உள்ள பிள்ளை தோழி கொடுத்தாள் என்று இதைப் போட்டால் பரீட்சை ஹாலிலேயே விழலாம். மருத்துவர் பரிசோதித்து எழுதிக் கொடுத்தால் மட்டுமே. அளவுக்கு மீறினால் உயிருக்கே ஆபத்தான மருந்து என்பதால், சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில், மூடிய டப்பாவில் வையுங்கள்.

ஆயுசுக்கும் வேண்டுமா?

மாரடைப்பு வந்த எல்லோரும் ஆயுள் முழுக்க இதைச் சாப்பிட வேண்டும் என்பது பல காலம் இருந்த வழக்கம். இன்று அடைப்பை உடனே திறந்து ஸ்டென்ட் வைத்துவிடுகிறோம், இதயத் தசை பெரிய சேதமில்லாமல் தப்புகிறது. அப்படித் தப்பியவர்களுக்கும் இது தேவையா என்று மருத்துவ உலகம் மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறது. 2024-ல் வெளியான ஓர் ஆய்வு, ஸ்வீடன் உள்ளிட்ட மூன்று நாடுகளில், மாரடைப்புக்குப் பிறகும் பம்ப் சக்தி நன்றாக இருந்த 5,020 பேரைப் பார்த்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இறப்பிலோ அடுத்த மாரடைப்பிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு பிரான்ஸில் 3,698 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வு, ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்களை நிறுத்தச் சொல்லிப் பார்த்தது. நிறுத்துவது தொடர்வதற்குச் சமமான பாதுகாப்பு என்று நிரூபிக்க முடியவில்லை. நிறுத்தியவர்கள் இதயப் பிரச்னைக்காக மருத்துவமனையில் சேர்ந்தது சற்று அதிகமாகவே இருந்தது.

இதிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியது ஒரு கேள்வி. மாரடைப்பு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனவர்கள், கடைசி எக்கோ ரிப்போர்ட்டோடு போய், "டாக்டர், என் இதயத்தின் பம்ப் சக்தி எவ்வளவு? இந்த மாத்திரை இன்னும் எனக்குத் தேவையா?" என்று கேளுங்கள். பம்ப் சக்தி குறைந்தவர்களுக்கும், துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும் பதில் பெரும்பாலும் 'ஆமாம்' என்றே இருக்கும். மற்றவர்களுக்கு மருத்துவர் யோசித்துச் சொல்வார்.

உடனே மருத்துவமனைக்கு...

நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, மூச்சுத்திணறல், வீசிங், மயக்கம், நாடி 50-க்குக் கீழே போய்த் தலைசுற்றல், பேச்சில் குழப்பம், கால் வீக்கத்தோடு வேகமாகக் கூடும் எடை, தவறுதலாக அதிக மாத்திரை விழுங்கியது... இவற்றில் எதுவானாலும் 108-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு சின்ன அட்டையில் மாத்திரையின் சிறிய எழுத்துப் பெயர், அளவு, எந்த நேரம், எந்த நோய்க்காக, எழுதிய மருத்துவர் பெயர், 'மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது' என்ற ஒரு வரி, இவ்வளவும் எழுதி அப்பாவின் பர்ஸிலும் அந்த பிளாஸ்டிக் டப்பாவின் மூடியிலும் ஒட்டி வையுங்கள். 'எந்த நோய்க்காக' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லையா? அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

(அடுத்த வாரம்: ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள்)